கரும்புக்காகப் போட்ட பாதை: மொரிஷியஸ் தீவில் பேருந்தும் ரயிலும்

மொரிஷியஸ் தீவுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்வோரில் பலர் விமான நிலையத்திலிருந்து கடற்கரை விடுதிக்கும், விடுதியிலிருந்து பயண ஏற்பாட்டாளர் வகுத்துத் தரும் இடங்களுக்கும், பின்னர் மீண்டும் விமான நிலையத்துக்கும் வாடகைக் காரிலேயே சென்று வந்துவிடுகின்றனர். அத்தீவின் ஏறத்தாழ எல்லா ஊர்களையும் தொட்டுச் செல்லும் பேருந்துகளையும், 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலகு ரயிலையும் கார்க் கண்ணாடி வழியே பார்ப்பதோடு அவர்களுக்கும் அந்நாட்டுப் பொதுப் போக்குவரத்துக்குமான தொடர்பு முடிந்துவிடுகிறது. காரில் ஒரு நாள் சுற்ற ஆகும் தொகையைக் கொண்டு பேருந்தில் பல நாள் சுற்றலாம் என்பது ஒருபுறம் இருக்க, சர்க்கரை, மலேரியா, ஒப்பந்தக் கூலிமுறை, விடுதலைக்குப் பிந்தைய சமூகநலக் கொள்கை ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ஒரு நாட்டை அதன் பேருந்துத் தடங்களைக் கொண்டே அறிந்துகொள்ள முடியும் என்பதும், அப்படி அறிந்தவருக்கு அத்தடங்களில் வழி தவறாமல் பயணம் செய்வது எளிதாகிவிடும் என்பதும் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ள இந்த எரிமலைத் தீவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் அகலமும், 1,865 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம். வடமேற்குக் கடற்கரையில், மலைத்தொடர் ஒன்றின் அடிவாரத்தில் தலைநகரான போர்ட் லூயிஸ் இருக்கிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து, தீவின் நடுவே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் உள்ள கியூர்பிப் நகரைச் சென்றடைகிறது. இந்த ஏற்றத்தில் போ பாசேன், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், ஃபீனிக்ஸ், வாக்வா ஆகிய ஊர்கள் ஒன்றின் எல்லை எங்கே முடிகிறது, அடுத்ததன் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி நெருங்கி நிற்கின்றன. சுற்றுலாப் பயணி நாடிச் செல்லும் கடற்கரைகள் தீவின் விளிம்பில் இருக்க, அந்நாட்டு மக்களில் கணிசமானோர் வாழ்வதும் படிப்பதும் வேலை பார்ப்பதும் இந்த மேட்டுநில வரிசையில்தான் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், பேருந்துகள் ஏன் இப்படி ஓடுகின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1810-இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை ஒரு சர்க்கரைத் தோட்டமாக மாற்றினர். 1835-இல் அடிமைமுறை அங்கே ஒழிக்கப்பட்டபோது, கரும்பு வயல்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, குறிப்பிட்ட ஆண்டுகள் குறைந்த கூலிக்கு உழைப்பதாகக் கைந்நாட்டு வைத்தவர்களைக் கப்பலில் ஏற்றி வரும் ஒப்பந்தக் கூலிமுறை கையாளப்பட்டது. 1834 முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்கள் வழியாக ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இவ்வாறு அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் தமிழரும் கணிசமாக இருந்தனர். அவர்கள் வெட்டிய கரும்பிலிருந்து பெற்ற சர்க்கரையை ஆலைகளிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க மாட்டுவண்டிகளால் இயலாமற் போனபோதுதான் ரயில் வந்தது. போர்ட் லூயிஸிலிருந்து பாம்பிள்மூஸ் வழியாகக் கிழக்கே ஃபிளாக் வட்டாரத்துக்குச் செல்லும் வடக்குப் பாதை 1864 மே மாதத்திலும், பீடபூமியின் மீதேறிக் கியூர்பிப் வழியாகத் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள மாஹேபூர் வரை செல்லும் நடுப்பாதை 1865 அக்டோபரிலும் திறக்கப்பட்டன. பின்னர் மோக்கா, சவான், பிளாக் ரிவர் வட்டாரங்களுக்குக் கிளைப்பாதைகள் போடப்பட்டன. எல்லாப் பாதைகளும் துறைமுகத்தையே நோக்கின. கடற்கரையோரமாகத் தீவைச் சுற்றி வரும் பாதை ஒன்று எவருக்கும் தேவைப்படவில்லை.

ரயில் வந்த இரண்டொரு ஆண்டுகளுக்குள் மலேரியாவும் வந்தது. 1866 முதல் 1868 வரை தீவை வாட்டிய கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் மாண்டனர். தாழ்வான கடலோர நகரமான போர்ட் லூயிஸ் பேரழிவுக்கு உள்ளானது. கொசுவின் தொல்லை குறைந்த குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு வசதி படைத்தோர் குடிபெயர்ந்தனர். காலையில் ரயிலில் இறங்கித் தலைநகரில் அலுவல் பார்த்து, மாலையில் ரயிலேறி வீடு திரும்பும் வாழ்க்கை அப்போது தொடங்கியது. இன்று காலை ஏழு மணிக்குக் கியூர்பிப்பிலும் ரோஸ் ஹில்லிலும் போர்ட் லூயிஸ் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்கும் கூட்டம், 150 ஆண்டுகளுக்கு முன் கொசுவுக்கு அஞ்சி மேடேறியவர்கள் ஏற்படுத்திய வழக்கத்தைத் தொடர்கிறது என்று சொல்வது மிகையாகாது.

மோட்டார் வண்டிகள் பெருகியதும் ரயில்வே நலிந்தது. 1956 மார்ச்சுடன் பயணிகள் ரயில்களும், 1964-இல் சரக்கு ரயில்களும் நிறுத்தப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பாதை ஓடிய நிலம் பல இடங்களில் நடைபாதையாகவும், சில இடங்களில் சாலையாகவும் மாறியது. ரயில் விட்ட இடத்தைப் பேருந்துகள் பிடித்துக்கொண்டன. தலைநகரின் முதன்மை ரயில் நிலையமான விக்டோரியா நிலையம் நின்ற இடத்தில் அதே பெயருடன் பேருந்து நிலையம் இயங்கி வருவதே இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காட்டும். பேருந்துகளும் பெரும்பாலும் ரயில் சென்ற திசைகளிலேயே சென்றன. ஊர்கள் அங்கேதான் இருந்தன.

பேருந்துத் தொழில் அங்கே ஒரே கையில் இல்லை. 1954-இல் தோன்றிய யுனைடெட் பஸ் சர்வீஸ், ரோஸ் ஹில் டிரான்ஸ்போர்ட், வடக்கே திரியோலே ஊரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் போன்ற தனியார் நிறுவனங்கள் ஒருபுறம். 1979-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அமைந்த அரசு நிறுவனமான தேசியப் போக்குவரத்துக் கழகம் மறுபுறம். ஒன்றிரண்டு வண்டிகளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கங்களாக இணைந்து ஓட்டும் தனி உரிமையாளர்கள் இன்னொருபுறம். தடம், கட்டணம், உரிமம் மூன்றையும் அரசே முறைப்படுத்துவதால், எவருடைய பேருந்தில் ஏறினாலும் பயணிக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. தனி உரிமையாளர்களின் வண்டிகளின் முகப்பில் உரிமையாளர் விரும்பிய பெயர் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருக்கும். தமிழ்நாட்டின் தனியார் பேருந்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தோன்றாது. வண்டியும் பல வேளைகளில் பழகியதாகவே இருக்கும்: சென்னை எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பேருந்துகள் மொரிஷியஸ் சாலைகளில் நெடுங்காலமாக ஓடி வருகின்றன. வண்டிகள் சாலையின் இடப்பக்கமே செல்வதால், எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நிற்கும் குழப்பமும் இந்தியருக்கோ இலங்கையருக்கோ நேர்வதில்லை.

ஏறியபின் நடைமுறை எளிது. பயணி இடம் பார்த்து உட்கார்ந்த பிறகு நடத்துநர் இருக்கைதோறும் வந்து இறங்கும் ஊரைக் கேட்டு, தூரத்துக்கேற்ற கட்டணத்தை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார். தடம் பல கட்டண நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அடுத்த ஊருக்குச் செல்பவர் குறைவாகவும் கடைசி நிறுத்தத்துக்குச் செல்பவர் கூடுதலாகவும் கொடுக்கிறார். நீண்ட தடத்துக்கும் சில பத்து மொரிஷியஸ் ரூபாய்களுக்கு மேல் ஆவதில்லை. மொரிஷியஸ் ரூபாயின் மதிப்பு இரண்டு இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெரிய நோட்டை நீட்டினால் நடத்துநர் முகம் சுளிப்பது எங்கும் உள்ளதே என்பதால் சில்லறையைக் கையில் வைத்திருப்பது நல்லது. பரிசோதகர்கள் இடையில் ஏறிச் சீட்டைக் கேட்பது வழக்கம் என்பதால், வாங்கிய சீட்டை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது பொத்தானை அழுத்தி மணி அடிக்க வேண்டும். பேச்சுமொழி பிரெஞ்சின் வழிவந்த கிரியோல் என்றாலும், ஊர்ப்பெயரை ஓரளவு சரியாக ஒலித்தாலே போதும். ஆங்கிலத்தில் கேட்டால் பதில் சொல்பவர்கள் வண்டிக்குள் எப்போதும் இருப்பார்கள். பிரெஞ்சு ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பதைவிட, ஒருமுறை உள்ளூர்க்காரரிடம் கேட்டு அவர் சொல்கிறபடியே திருப்பிச் சொல்வது பயன் தரும்.

தடங்களின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்குப் போர்ட் லூயிஸின் இரண்டு பேருந்து நிலையங்களைத் தெரிந்துகொண்டால் போதும். நகரின் வடபகுதியில் உள்ள இமிகிரேஷன் ஸ்குவேர் நிலையத்திலிருந்து வடக்கு, கிழக்கு ஊர்களுக்கான வண்டிகளும், தென்மேற்குப் பகுதியில் உள்ள விக்டோரியா நிலையத்திலிருந்து பீடபூமி, தெற்கு, மேற்கு ஊர்களுக்கான வண்டிகளும் புறப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நடந்தே செல்லலாம். தீவின் பிற பகுதிகளில் இதேபோன்ற மாறுமிடங்கள் சில உள்ளன: தெற்கே செல்வோர்க்குக் கியூர்பிப், மேற்கே செல்வோர்க்குக் காத்ர் போர்ன், கிழக்கே செல்வோர்க்குச் சென்டர் த ஃபிளாக், தென்கிழக்கே மாஹேபூர். வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு கடற்கரை ஊர்களுக்கிடையே நேர்ப்பேருந்து இல்லாமலும், தொலைவில் உள்ள மேட்டுநில ஊர் வழியாகச் சுற்றிச் செல்லும் வண்டி அடிக்கடி கிடைப்பதாகவும் இருப்பது புதியவருக்குத் திகைப்பூட்டும். கரும்பு துறைமுகத்துக்குப் போன வழியை நினைத்துக்கொண்டால் இந்தத் திகைப்பு நீங்கிவிடும்.

இமிகிரேஷன் ஸ்குவேர் நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் அருகிலேயே, யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆப்பிரவாசி காட் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலை விட்டிறங்கி, கல் படிகளில் ஏறி, பெயர் பதியப்பட்டு, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்படும்வரை தங்கவைக்கப்பட்ட குடியேற்ற நிலையம் அது. முதலில் ரயில்பாதையும் பின்னர் நெடுஞ்சாலையும் அதன் நிலத்தை ஊடறுத்துச் சென்றதால் பழைய கட்டடங்களில் ஒரு பகுதிதான் எஞ்சியுள்ளது. மாலை நான்கு மணிக்கு மேல், பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகளும், சந்தையில் காய்கறி வாங்கிய பைகளோடு நிற்கும் மூதாட்டிகளும், அலுவலகம் விட்டு வந்தவர்களும் தத்தம் ஊர்ப்பெயர்ப் பலகைகளின் கீழ் வரிசை கட்டி நிற்கும் அந்நிலையத்தில், வரிசையில் நிற்போரில் பலருடைய முன்னோர் சில நூறு அடி தூரத்தில் இருக்கும் அதே படிகளில் ஏறி வந்தவர்கள். கார் ஏற்பாடு செய்துகொண்ட பயணி அச்சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். பேருந்துக்கு நிற்பவர் அதன் தொடர்ச்சியையும் சேர்த்தே பார்க்கிறார்.

இங்கிருந்து வடக்கே செல்வது தீவிலேயே மிகச் சுலபமான பயணம். சுற்றுலாப் பயணிகள் மிகுதியாகக் கூடும் கிராண்ட் பே ஊருக்கு இரு வகை வண்டிகள் உள்ளன. நெடுஞ்சாலை வழியே இடையில் அதிகம் நிற்காமல் செல்பவை எக்ஸ்பிரஸ். மற்றவை திரியோலே ஊருக்குள் புகுந்து, ட்ரூ ஓ பிஷ் கடற்கரையோரமாக நின்று நின்று செல்பவை. நேரம் இருப்பவர் இரண்டாவது வகையையே தேர்ந்துகொள்வது நல்லது. சாலையின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் கோயில்களுமாக நீண்டு கிடக்கும் திரியோலேயும், தீவின் பெரிய சிவன் கோயில்களுள் ஒன்றான அவ்வூர் மகேசுவரநாதர் ஆலயமும் நெடுஞ்சாலையில் செல்பவர் கண்ணில் படுவதில்லை. வடக்கே கிராண்ட் கோப் போன்ற ஊர்களுக்குச் செல்லும் வண்டிகள் பாம்பிள்மூஸ் வழியாகச் செல்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் பியேர் புவாவர் வளர்த்தெடுத்ததும், ஒரு மனிதக் குழந்தையைத் தாங்கும் அளவு அகன்ற இலைகளைக் கொண்ட அல்லிகள் மிதக்கும் குளத்தால் பெயர் பெற்றதுமான தாவரவியல் தோட்டம் அங்கே உள்ளது. அதற்கு அருகே, 1999-இல் மூடப்பட்ட போ பிளான் சர்க்கரை ஆலை இப்போது சர்க்கரையின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக இயங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில், பேருந்துக் கட்டணத்திலேயே பார்த்துவிடலாம்.

கிழக்குக் கடற்கரைக்கு ஒருமுறை வண்டி மாற வேண்டும். தெள்ளிய நீர்நிலையும் வெண்மணலும் கொண்ட இல் ஓ செர்ஃப் என்ற சிறுதீவுக்குப் படகேறும் ஊர் ட்ரூ தோ தூஸ். தலைநகரிலிருந்து அங்கே நேர்ப்பேருந்து இல்லை என்பதால் சென்டர் த ஃபிளாக்கில் இறங்கி மாறிச் செல்ல வேண்டும். மேற்கே ஃபிளிக் என் ஃபிளாக் கடற்கரைக்குப் போர்ட் லூயிஸிலிருந்தும் காத்ர் போர்னிலிருந்தும் பேருந்துகள் உண்டு. தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை அளிக்கும் நாடு மொரிஷியஸ். அந்த நாளில் காவடிகள் திரளும் புகழ்பெற்ற மலைக்கோயில், காத்ர் போர்ன் நகரை ஒட்டிய கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகிற வழியிலேயே இறங்கி வணங்கிச் செல்லத்தக்க தொலைவு அது.

தென்மேற்கு மூலைதான் பேருந்துப் பயணியின் பொறுமையைச் சோதிக்கும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற லெ மோர்ன் குன்றுக்கும், பலநிற மண்மேடுகளைக் கொண்ட ஷாமரெல் ஊருக்கும் காத்ர் போர்னிலிருந்து வண்டிகள் உள்ளன என்றாலும், அவை வரும் இடைவெளி நீண்டது. ஷாமரெலுக்கு நாளொன்றுக்குச் சில நடைகளே. அங்கிருந்து தெற்குக் கடற்கரையைத் தொடர்ந்து சூயாக் வரை செல்ல விரும்புபவர் இரண்டு மூன்று வண்டிகள் மாற வேண்டியிருக்கும். தீவின் மிக அழகிய சாலை எதுவென்று கேட்டால் பலரும் இந்தத் தெற்குக் கரைச் சாலையையே காட்டுவார்கள்; ஆட்கள் குறைவாக வாழும் பகுதி என்பதால் பேருந்தும் அங்கே குறைவு. இவ்வட்டாரத்துக்கு மட்டும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் கார் அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. மற்றபடி, ஊர்ப்புற நிறுத்தங்களில் பேருந்துக்காக நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு குறிப்பிட்ட தடத்தில் ஓடும் பங்குக் கார்களும் உண்டு. 'டாக்ஸி டிரெயின்' என்று வழங்கப்படும் இவற்றில் ஆளுக்கு ஆகும் கட்டணம் பேருந்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்.

இடத்தைவிடப் பெரிய தடை நேரம். நகர்ப்புறங்களில் பேருந்துகள் பொதுவாகக் காலை ஐந்தரை மணியிலிருந்து இரவு எட்டு மணி வரையிலும், ஊர்ப்புறங்களில் காலை ஆறரையிலிருந்து மாலை ஆறரை வரையிலும் ஓடுகின்றன. பள்ளி, அலுவலகம், ஆலை, தோட்டம் ஆகியவற்றின் வேலை நேரத்தை அடியொற்றி அமைந்த கால அட்டவணை இது. கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே உணவருந்தி, பின்னர் பேருந்தில் திரும்பலாம் என்று எண்ணுபவர் ஏமாந்துபோவார். இதனால் பாதிக்கப்படுவது சுற்றுலாப் பயணி மட்டும் அன்று. விடுதிகளிலும் உணவகங்களிலும் இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஊழியர்கள் தங்கள் நிறுவனம் வண்டி ஏற்பாடு செய்திருந்தாலொழியப் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாத நிலையில் உள்ளனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 14 லட்சம் சுற்றுலாப் பயணிகளை 2018-இல் வரவேற்ற ஒரு நாட்டில், அத்தொழிலில் உழைப்போர் வீடு திரும்பும் நேரத்துக்குப் பேருந்து இல்லாதிருப்பது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

அந்நாட்டுப் பேருந்துகளின் பெருமைக்குரிய கூறு வேறொன்று. 2005-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேருந்துப் பயணம் இலவசமாக்கப்பட்டது. அவர்களுக்கான கட்டணத்தை அரசே பேருந்து நிறுவனங்களுக்கு ஈடுசெய்கிறது. கல்வியும் மருத்துவமும் முன்பே இலவசமாக இருந்தும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் செலவு ஏழைக் குடும்பங்களைத் தடுத்து வந்தது என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட முடிவு அது. கரும்புத் தோட்டத்து ஊர் ஒன்றில் பிறந்த பிள்ளை தீவின் மறுகோடியில் உள்ள நல்ல பள்ளிக்குச் சென்று படிக்க இயலுவதற்கும், ஓய்வுபெற்ற மூதாட்டி எவரிடமும் கைநீட்டாமல் மகள் வீட்டுக்குப் போய்வருவதற்கும் அது வழிசெய்தது. எந்த ஒரு மெட்ரோவையும்விட இந்த ஒரு முடிவு அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வை மாற்றியிருக்கிறது என்றே மதிப்பிடத் தோன்றுகிறது.

மெட்ரோவின் கதை பழைய ரயிலின் கதையோடு இணைவது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடுவது நிலத்தடி ரயில் அன்று. சாலை மட்டத்திலும், சில இடங்களில் மேம்பாலத்திலும், மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் இலகு ரயில், அதாவது பெரிய ரயிலைவிட எடையும் நீளமும் குறைந்து, ஊருக்குள் குறுகிய இடைவெளிகளில் நின்று செல்லத்தக்க டிராம் வகை வண்டி. இந்திய அரசு 2016-இல் அறிவித்த 35.3 கோடி டாலர் சிறப்புப் பொருளாதார உதவியில் 27.5 கோடி டாலர் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. கட்டுமானத்தை 2017-இல் இந்தியாவின் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் ஏற்றது. 18 வண்டிகளை ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனம் வழங்கியது. 2019 அக்டோபர் 3 அன்று, போர்ட் லூயிஸ் முதல் ரோஸ் ஹில் வரையிலான முதற்பகுதியை இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளி வழியாகத் தொடங்கிவைத்தனர். பாதை 2021-இல் காத்ர் போர்னையும், 2022 அக்டோபரில் கியூர்பிப்பையும் எட்டியது. ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் தகவல் தொழில்நுட்ப வளாகம் வழியாக, மொரிஷியஸ் பல்கலைக்கழகம் உள்ள ரெதுயிக்குச் செல்லும் கிளை 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது. போர்ட் லூயிஸ் முதல் கியூர்பிப் வரை 26 கிலோமீட்டர், 19 நிலையங்கள். 1865-இல் திறக்கப்பட்ட நடுப்பாதை ஓடிய அதே நிலத்தின் மீதே இதன் பெரும்பகுதி போடப்பட்டிருக்கிறது. அந்நிலத்தை நடைபாதையாகவும் மரநிழலாகவும் பயன்படுத்திவந்த ரோஸ் ஹில் பகுதி மக்களில் சிலரும், பாதைக்காக வீடிழந்தவர்களும் அப்போது எதிர்ப்புத் தெரிவித்ததையும் மறந்துவிடக் கூடாது.

பயணியின் கண்கொண்டு பார்த்தால் மெட்ரோவின் பயன் தெளிவானது. நெரிசல் நேரத்தில் பேருந்து எப்போது போய்ச்சேரும் என்று சொல்ல முடியாத தூரத்தை அது ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் சீட்டு வாங்கலாம். அடிக்கடி செல்வோர் முன்பணம் ஏற்றி வைத்துக்கொண்டு தொட்டுச் செல்லும் எம்.இ.கார்டு என்னும் அட்டையைப் பயன்படுத்துகின்றனர். போர்ட் லூயிஸ் விக்டோரியாவில் பேருந்து நிலையமும், மெட்ரோ நிலையமும், முன்பு தெருவோரத்தில் கடை விரித்திருந்த சிறுவணிகர்களுக்கான அங்காடியும் ஒரே வளாகத்தில் அமைந்து 2022-இல் திறக்கப்பட்டன. டிராமிலிருந்து இறங்குபவர் துணிக்கடைகளையும் பழக்கடைகளையும் கடந்து சில நிமிடங்களில் தெற்கே செல்லும் பேருந்தில் ஏறிவிட முடிகிறது. இமிகிரேஷன் ஸ்குவேர் பக்கத்து நிலையத்துக்கு ஆப்பிரவாசி காட்டின் பெயரே இடப்பட்டுள்ளது. ஆக, வடக்கே கிராண்ட் பேயில் தங்கியிருப்பவர் ஒரு பேருந்திலும் ஒரு டிராமிலுமாகக் கியூர்பிப்பின் குளிர்ந்த மேட்டுக்குப் போய், ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயின் விளிம்பில் நின்று தீவைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மாலைக்குள் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் மெட்ரோ கடற்கரை விடுதிகளுக்குச் செல்வதில்லை. விமான நிலையத்துக்கும் செல்வதில்லை. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில், தென்கிழக்கே பிளேன் மாஞ்ஞோனில் உள்ள சர் சிவசாகர் ராம்கூலம் விமான நிலையத்தை மாஹேபூர் பக்கம் செல்லும் பேருந்துகள் தொட்டுச் சென்றாலும், பெரிய பெட்டிகளை வைக்க அவற்றில் இடமில்லை. இரவில் இறங்குவோர்க்கு அவையும் இல்லை. வாடகைக் கார்கள் விமான நிலையம், விடுதி, வட்டாரம் என்று தனித்தனி நிறுத்தங்களுக்கு உரிமம் பெற்றவை. மீட்டர் போடும் வழக்கம் இல்லாததால் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். வந்த நாளுக்கும் போகிற நாளுக்கும் காரும், இடைப்பட்ட நாள்களுக்குப் பேருந்தும் மெட்ரோவும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

சாலைகளில் வாகன நெரிசல் ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. 12.5 லட்சம் பேர் வாழும் நாட்டில் பதிவு பெற்ற வாகனங்கள் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டன, அதாவது இருவருக்கு ஒன்று. இத்தனை சிறிய நிலத்தில் இதற்கு மேலும் சாலையை அகலப்படுத்திக்கொண்டே போக முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிப் பேருந்துகள் விடுவதால் இச்சிக்கல் தீராது. நிறுத்தங்களில் தடமும் நேரமும் எழுதிய பலகை, இரவு பத்து மணி வரை கடற்கரை ஊர்களிலிருந்து நடை, விமான நிலையத்திலிருந்து பெட்டி வைக்க இடமுள்ள நேர்ப்பேருந்து, தெற்குக் கரையில் மணிக்கொரு வண்டி ஆகியவை விடுதி ஊழியருக்கும் கல்லூரி மாணவிக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவே விருந்தினருக்கும் தேவை. உள்ளூர்வாசிக்கு நல்ல பேருந்து இருக்கும் தீவில் விருந்தினருக்கும் நல்ல பேருந்து இருக்கும்; அந்நாட்டு அரசு மெட்ரோவுக்குக் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கை இந்தச் சிறு வேலைகளுக்கும் காட்ட வேண்டும்.

செல்ல விரும்புவோர் பருவத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். நவம்பர் முதல் மே வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளில் விடுக்கப்படுகிறது, மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்டதும் மக்கள் வீடுகளுக்குள் இருக்க வேண்டும் என்பதால் பொதுப் போக்குவரத்தும் நின்றுவிடும். மற்ற நாள்களில் கவனிக்க வேண்டியது ஒன்றே: எந்த ஊருக்குச் சென்றாலும், திரும்பிவரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்; ஊர்ப்புறக் கடற்கரைகள் பலவற்றில் அது மாலை ஆறரை மணிக்குள் புறப்பட்டுவிடுகிறது.